தேய்வு தியாகமாகாது!

தோழா!

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருநின்றவூரைத் தாண்டியதும் வருவது வேப்பம்பட்டு. வேம்பின் பெயரையே ஊரின் பெயராகத் தாங்கி நிற்கும் இடம். 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12ஆம் நாள், அந்த நிலையத்தின் வழியே ஒரு வண்டி சென்றது. அதிலே பயணிகள் இல்லை. நிலக்கரி இல்லை, நெல் மூட்டை இல்லை. 50 பெட்டிகள், பெட்டிதோறும் தண்ணீர்! சோலையார்பேட்டையிலே நிரப்பி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வந்து, வில்லிவாக்கத்திலே இறக்கப்பட்ட 25 இலட்சம் லிட்டர் தண்ணீர்!

ஏன் வந்தது அந்த வண்டி? பூண்டி வறண்டது, சோழவரம் வறண்டது, செங்குன்றம் வறண்டது, செம்பரம்பாக்கமும் வறண்டது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னர், 2015 டிசம்பரில், இதே நகரம் வெள்ளத்திலே மூழ்கித் தத்தளித்தது. நான்காண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்தபோது மீண்டும் மூழ்கியது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் தெருக்கள் ஓடைகளாயின. தண்ணீர் இல்லாத கொடுமையையும், தண்ணீரே கொடுமையான காட்சியையும், எட்டே ஆண்டுகளுக்குள் ஒரே மண்ணிலே கண்டுவிட்டோம். வானத்தின் போக்கு மாறியது ஒருபுறம். வரத்துக் கால்வாயைத் தூர்த்து மனை போட்டவனின் பேராசை மறுபுறம். இரண்டுக்கும் இடையே நசுங்கியவன் ஏழை.

ஆனால், இன்று உன்னிடம் நான் பேச வந்தது ஏரியைப் பற்றியன்று. ஏரியைக் காக்க எழுந்து நின்றவனைப் பற்றி.

வெள்ளம் வந்த இரவில், முழங்காலளவு நீரிலே சோற்றுப் பொட்டலம் சுமந்தவன் யார்? வறண்ட ஏரியின் படுகையிலே நின்று, கால்வாயை அடைத்தது எவன் என்று கேட்டவன் யார்? ஆட்சியருக்கு மனு எழுதியவன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் அனுப்பியவன், பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறியவன், கரையெங்கும் பனை விதை ஊன்றியவன் — எல்லாம் அவன்தானே! அவனோடு தோளுக்குத் தோள் நின்றவள் உன் தங்கைதானே!

அவர்கள் இன்று எங்கே?

சிலர் இருக்கிறார்கள், இன்னமும் களத்திலே நிற்கிறார்கள். சிலர் இல்லை. கூட்டத்திலே அவர்கள் அமர்ந்த இடம் காலியாக இருக்கிறது. மாற்றாருக்கு விலை போனார்களா? இல்லை. அச்சத்தால் ஒதுங்கினார்களா? அதுவும் இல்லை. கொள்கை கசந்துவிட்டதா? ஒருநாளும் இல்லை. களைத்துப் போனார்கள், தோழா! கேட்பாரின்றிக் களைத்துப் போனார்கள். வெள்ளம் வடிந்தது, அவர்களுடைய ஊக்கமும் உடன் வடிந்தது. அதை நாம் கவனிக்கவில்லை.

அத்தகைய தோழன் ஒருவனுடைய நாளைக் கணக்கிட்டுப் பார். குடியிருப்பது வேப்பம்பட்டில், வேலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில். விடியலில் மின்சார இரயிலிலே நின்றபடி பயணம். பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லாட்டம். மாலையில் வீடு திரும்பாமல் ஏரிக்கரைக் கூட்டம். இரவு பத்து மணிக்கு மனு எழுதுதல். பதினொரு மணிக்குக் கைப்பேசி! அதிலே அமேசான் காடு எரிகிறது. வடதுருவப் பனி உருகுகிறது. அசாமிலே வெள்ளம் பெருக்கெடுக்கிறது. நள்ளிரவுக்கு மேல், முகமே காட்டாத ஒருவன் எழுதிய வசைக்கு விடை எழுதுதல். ஒரு மணிக்குப் படுக்கை. ஐந்து மணிக்கு விழிப்பு. காலை உணவு தேநீர். பகல் உணவு பாதி. இரவு உணவு ஆறிப்போனது. ஞாயிற்றுக்கிழமையாவது ஓய்வா? அன்றுதானே மரக்கன்று நடும் விழா!

ஓராண்டு தாங்கும் உடல். ஈராண்டு தாங்கும் உள்ளம். மூன்றாம் ஆண்டிலே?

மூன்றாம் ஆண்டிலே என்ன நேரும் என்பதை அறிந்தவர் ஒருவர் உண்டு. ஃபிராய்டன்பெர்கர் என்பது அவர் பெயர். ஜெர்மனியிலே பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சேர்ந்த உளநூல் வல்லுநர். பகலெல்லாம் தம் தொழில். மாலைக்கு மேல், நியூயார்க் நகரில் ஏழை இளைஞர்களுக்காக நடந்த இலவச மருத்துவமனையிலே தொண்டு. தம்முடன் தொண்டு செய்தவர்களை அவர் உற்று நோக்கினார். ஆர்வத்தோடு வந்தவர்கள், சில திங்களிலே சுடுசொல் பேசலாயினர், எதிலும் நம்பிக்கையற்று நகைக்கலாயினர், உறக்கம் இழந்தனர், தலைவலி, வயிற்றுவலி என்று நலிந்தனர். அவருக்கே அந்நிலை வந்தது. எரிந்து கருகிய கட்டடத்தைப் போல, வெளிச்சுவர் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டார். அந்நிலைக்கு அவர் 1974ஆம் ஆண்டு ஒரு பெயரிட்டு எழுதினார். பயிர் கருகக் கண்ட நாம் அதனைக் 'கருகல்' என்றே சொல்லலாம்.

இதிலே நீ கருத வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சொல்லின் பொருளை அவர் கண்டது கூலிக்கு உழைப்பவனிடத்திலே அன்று, கொள்கைக்கு உழைப்பவனிடத்திலே! கூலிக்கு உழைப்பவனுக்கு மணி அடிக்கும்; எழுந்து போவான். கொள்கைக்கு உழைப்பவனுக்கு மணி அடிப்பவர் யார்? எவருமில்லை.

2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இதனை ஏற்று வகைப்படுத்திற்று. நோய் என்றல்ல, வேலையின் சூழலால் விளையும் நிலை என்று கூறி, மூன்று அடையாளங்களைத் தந்தது. ஆற்றல் வற்றிப் போதல் ஒன்று. செய்யும் பணியிலிருந்து மனம் விலகிக் கசந்து போதல் இரண்டு. செய்தும் பயனில்லை என்னும் எண்ணம் மூன்று. இம்மூன்றையும் கையிலே வைத்துக்கொண்டு, உன் கிளைத் தோழர்களின் முகங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார். 'எவன் ஆண்டாலும் ஏரி போகத்தான் போகிறது' என்று அண்மையிலே ஒருவன் சொன்னானே, நினைவிருக்கிறதா? அவனைக் கோழை என்று எண்ணினாய். அவன் கோழையல்லன், கருகிக் கொண்டிருப்பவன்.

பருவநிலைக்காகப் பாடுபடுவோர்க்கு இந்த ஆபத்து பிறரினும் அதிகம். எதனால்? சாதி ஒழிப்புக்குப் பாடுபட்டவன், ஒரு கோயிற் கதவு திறந்ததைக் கண்ணாலே கண்டான். மொழி காக்கப் பாடுபட்டவன், பெயர்ப்பலகையிலே தமிழ் ஏறியதைக் கண்டான். ஆனால், காற்றிலே கலந்த கரியைக் குறைக்கப் பாடுபடுபவன் எதைக் காண்பான்? ஆயிரம் மரம் நட்டாலும் அடுத்த ஆண்டின் வெயில் முன்னாண்டினும் மிகுகிறது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைக் காட்டிலும் ஒன்றரைப் பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டதென்று உலக வானிலை நிறுவனம் அறிவித்தது. உழைப்பு இங்கே, விளைவு எங்கோ, எப்போதோ!

2021ஆம் ஆண்டு, இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 இளைஞர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டறிந்தனர். நூற்றுக்கு 59 பேர், பருவநிலை குறித்து மிகுந்த கவலை உண்டென்றனர். நூற்றுக்கு 45 பேருக்கு மேல், அக்கவலை தங்கள் அன்றாட வாழ்வையே — உணவை, உறக்கத்தை, படிப்பை — கெடுக்கிறதென்றனர். ஆகவே தோழா, உன் கிளைக்கு வருகின்ற இளைஞன், வரும்போதே நெஞ்சிலே பாரத்தோடு வருகிறான். அந்தப் பாரத்தின்மீது நாம் இன்னும் பத்து மூட்டையை ஏற்றுகிறோம். பிறகு, 'ஏன் விழுந்தான்?' என்று வியக்கிறோம்!

இதற்குள் உன் உதடு துடிப்பதை நான் உணர்கிறேன். "என்ன பேசுகிறீர்! தியாகத்தால் வளர்ந்த இயக்கத்துக்குத் தூக்கம் பற்றிப் பாடமா? 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறையிலே மாண்டார்களே, உறக்கம் கேட்டார்களா? 1956இல் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாதிருந்து உயிர் துறந்தாரே, உடல்நலம் பார்த்தாரா? 94 வயது வரை பெரியார் ஊர் ஊராகச் சுற்றினாரே, ஓய்வா எடுத்தார்?" — இதுதானே உன் கேள்வி?

நல்ல கேள்வி. நேராகவே விடை சொல்கிறேன்.

தியாகம் வேறு, தேய்வு வேறு. தியாகி தன்னிடம் உள்ளதை, இன்னதற்கென்று தெரிந்து, இன்ன வேளையிலே கொடுக்கிறான். தேய்பவன் எதற்கென்று தெரியாமலே இழக்கிறான். எண்ணெயை விளக்கிலே ஊற்றி எரிப்பது ஒன்று. குடத்திலே ஓட்டை விழுந்து ஒழுகுவது மற்றொன்று. எண்ணெய் தீர்வது இரண்டிலும்தான். வெளிச்சம் எதிலே?

சங்கரலிங்கனார் உயிர் ஈந்தது 1956 அக்டோபர் 13. தமிழ்நாடு என்னும் பெயருக்குச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது 1967 ஜூலை 18. அப்பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. இடையிலே பன்னிரண்டு ஆண்டுகள்! அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அவர் மூட்டிய நெருப்பை அணையாமல் ஏந்தி நின்றவர்கள் யார்? பெயர் தெரியாத பல்லாயிரவர். தெருமுனையிலே பேசியவர்கள், சுவரிலே எழுதியவர்கள், வாக்குச் சாவடியிலே நின்றவர்கள். ஒருவர் மாள்வதாலே மட்டும் வெற்றி வருவதில்லை. ஓராயிரம்பேர் நெடுநாள் நிலைத்திருப்பதாலே வருகிறது. பெரியார் தமது கடைசிச் சொற்பொழிவைத் தியாகராய நகரிலே ஆற்றியது 1973 டிசம்பர் 19, மறைந்தது 24. ஐம்பது வயதிலே அவர் ஓய்ந்திருப்பாரேயானால், அதற்குப் பின்னர் வந்த நாற்பத்து நான்கு ஆண்டின் முழக்கத்தை இந்நாடு கேட்டிருக்குமா? அந்த நீண்ட வாழ்வே அவர் கையிலிருந்த பெரும் படைக்கலன் அன்றோ!

நமக்கு எத்தனை ஆண்டு வேலை காத்திருக்கிறது தெரியுமா? 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டிலே, கரி உமிழ்வை நிகரச் சுழியம் ஆக்கும் ஆண்டென்று இந்தியா உலகத்துக்குச் சொன்ன ஆண்டு 2070. இன்று 25 வயதுள்ள தோழன், அன்றைக்கு எழுபதை எட்டிக் கொண்டிருப்பான். அதுவரை அவன் நிற்க வேண்டாமா? நூறு அடி ஓடுகிறவன் மூச்சைப் பிடித்துக் கொண்டு ஓடலாம். பழனிக்குப் பாத யாத்திரை போகிறவன் அப்படிப் போனால் பாதி வழியிலேயே படுத்துவிடுவான். நிழல் கண்ட இடத்திலே நிற்பான், நீர் கண்ட இடத்திலே குடிப்பான், கால் வீங்கினால் கட்டுப் போடுவான். ஆனால் போய்ச் சேர்வான்.

மாற்றார் இதனை நன்கு அறிவர். ஏரியைக் கெடுக்கும் ஆலையைப் பார். இரவும் பகலும் ஓடுகிறது. ஆலை ஓடுகிறது என்பதற்காக ஆளை ஓட்டுகிறார்களா? இல்லை, மூன்று முறை வகுத்து ஆளை மாற்றுகிறார்கள்! வழக்கு என்றால் ஒரு வழக்கறிஞர் விடுப்பிலே போவார், மற்றொருவர் வருவார், வாய்தா வாங்குவார். ஒரு வாய்தா, இரு வாய்தா, ஒன்பது வாய்தா! அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? நீதிக்காகவா? உன் களைப்புக்காக, தோழா, உன் களைப்புக்காக! நீ சலித்துப் போகும் நாளை அவர்கள் நாட்காட்டியிலே குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நாளை அவர்களுக்கு நீயே பரிசளிப்பதா?

மேலும் ஒன்று சொல்வேன். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னைக் கடற்கரையிலே செங்கொடி ஏற்றினார் சிங்காரவேலர். இம்மண்ணிலே நடந்த முதல் மே நாள் விழா அது. சிகாகோத் தொழிலாளர் 1886இல் குருதி சிந்திக் கேட்டது என்ன? எட்டு மணி நேர வேலை. எட்டு மணி நேர ஓய்வு. எட்டு மணி நேரம் தனக்கென்று. ஆலைத் தொழிலாளிக்கு அந்த எட்டு மணி ஓய்வை உரிமை என்று முழங்குகிறோம். நம் கிளைத் தோழனுக்கு மட்டும் அதுவே சோம்பலா? முதலாளி உறிஞ்சினால் சுரண்டல். இயக்கம் உறிஞ்சினால் தொண்டா? பெயர் மாறினால் குருதியின் நிறம் மாறிவிடுமா?

சோர்வடையாமல் போராட முடியுமா என்று கேட்பாய். முடியும். வழி காட்டியவர்கள் பல்கலைக் கழகத்திலே பயின்றவர்கள் அல்லர். நம் நாட்டு மீனவரும் உழவரும்.

இடிந்தகரையை எண்ணிப் பார். கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011 செப்டம்பரிலே, 127 பேர் காலவரையற்ற உண்ணாநோன்பு தொடங்கினர். பன்னிரண்டு நாட்கள்! அதே முறையிலே தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிணங்கள் விழுந்திருக்கும், போராட்டமும் முடிந்திருக்கும். அம்மக்கள் முறையை மாற்றினர். இன்று சிலர், நாளை வேறு சிலர் என்று முறை வைத்து உண்ணாதிருந்தனர். மற்றவர் கடலுக்குப் போயினர். மாதா கோவில் முற்றத்துப் பந்தலிலே அமர்ந்த பெண்கள், முழக்கமும் இட்டனர், மடியிலே முறம் வைத்துப் பீடியும் சுற்றினர். வயிறும் வாழ்ந்தது, போராட்டமும் வாழ்ந்தது. ஒரு திங்களில் முடிய வேண்டியது ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏகனாபுரத்தை எண்ணிப் பார். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்து 2022 ஜூலையிலே தொடங்கியது அவர்களுடைய போராட்டம். விமான நிலையம் குறித்த வாதத்தை வேறொரு ஞாயிறுக்கு வைத்துக் கொள்வோம். அம்மக்கள் போராடிய பாங்கை மட்டும் இன்று பார். பகலிலே வயல் வேலை, கூலி வேலை, பள்ளிக்கூடம். பொழுது சாய்ந்ததும் ஊர் கூடுகிறது, முழக்கம் எழுகிறது, பின் கலைந்து உண்டு உறங்கப் போகிறது. நாள்தோறும் இப்படி! 2025ஆம் ஆண்டு அப்போராட்டம் ஆயிரம் நாளைக் கடந்தது. வீட்டு விளக்கு ஏற்றுவதுபோலப் போராட்டத்தையும் அன்றாடப் பழக்கமாக்கிக் கொண்டார்கள். ஆகவே அது அவர்களைத் தின்னவில்லை.

இயற்கை உழவர் நம்மாழ்வாரை அறிவாய். 2013 டிசம்பர் 30ஆம் நாள், காவிரிப் படுகையிலே மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்ற வேளையிலே, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மறைந்தார். வாழ்நாளெல்லாம் அவர் உழவனுக்குச் சொன்னதன் சாரம் என்ன? மண்ணைப் பிழிந்து கொண்டே இராதே. எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடு. மண் செத்தால் பயிர் இல்லை என்பதுதானே! மண்ணுக்குப் பொருந்தும் நீதி மனிதனுக்குப் பொருந்தாதா? ஏரிக்கு ஓய்வு வேண்டும், காட்டுக்கு ஓய்வு வேண்டும், கடலுக்குக்கூட மீன்பிடித் தடைக்காலம் வேண்டும் என்று வாதாடுகிறவன், தன் உடலுக்குத் தடைக்காலம் தர மறுப்பது முரண்பாடு அன்றோ!

எனவே, சில பழக்கங்களை உன் முன் வைக்கிறேன். இவை அரியவை அல்ல. பணம் கேட்பவையும் அல்ல. நாள்தோறும் செய்யக் கூடியவை.

முதலாவது உறக்கம். ஏழு மணி நேரம். பத்து மணிக்குக் கைப்பேசியை அடுத்த அறையிலே வை. ஒரே அறைதான் என்றால் அடுக்களை மாடத்திலே வை. அமேசானிலே காடு எரிவதை நள்ளிரவிலே நீ பார்ப்பதால் அந்த நெருப்பு அணைவதில்லை. உன் உறக்கம் எரிவது மட்டுமே மிச்சம். காலையிலே ஒரு முறை, மாலையிலே ஒரு முறை செய்தி அறிந்தால் போதும். நாளேடு மட்டுமே இருந்த காலத்திலே நாட்டையே மாற்றிய இயக்கம் நம்முடையது! முகமற்றவன் எழுதும் வசைக்கு விடை எழுதாதே. அவனுக்கு அது வேலை, உனக்கு அது இழப்பு.

இரண்டாவது உணவும் நீரும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரிலே அறிவித்தது. வெப்பத்தின் கொடுமையை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்லும் நாமே, சித்திரை வெயிலிலே உச்சிப் பொழுதில் ஊர்வலம் வைக்கலாமா? காலை ஒன்பதுக்குள் வை. அல்லது மாலை ஐந்துக்கு மேல் வை. பந்தலிலே பானை நீரும் மோரும் இருக்கட்டும். வியர்வையிலே போன உப்பை மோர் மீட்டுத் தரும். நான்காவது கோப்பைத் தேநீர் தராது. பசியோடு பேசுகிறவன் சுடுசொல் பேசுவான். கூட்டத்துக்கு முன் நாலு இட்டிலி தின்றிருந்தால் பல கிளைகளிலே பாதிச் சண்டை நிகழ்ந்திராது!

மூன்றாவது வாரத்திலே ஒரு நாள். காந்தியாரிடத்திலே நமக்கு மாறுபாடுகள் பல உண்டு, மறைக்கவில்லை. ஆயினும், திங்கட்கிழமைதோறும் அவர் மௌனம் காத்தார். நாடே கொந்தளித்த நாளிலும் காத்தார். அந்த ஒரு நாளால் விடுதலைப் போர் நின்றுவிடவில்லை. நீயும் ஒரு நாளைத் தேர்ந்தெடு. அன்று மனு இல்லை, கூட்டம் இல்லை. தாயோடு பேசு, பிள்ளையோடு விளையாடு, கபடி ஆடு, நாடகம் பார். பருத்திப்பட்டு ஏரிக்கரையிலே போய் நட. கணக்கெடுக்க வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம், கூழைக்கடா நீந்துவதைச் சும்மா பார். எதைக் காக்கப் போராடுகிறாயோ, அதை நேசிக்க நேரம் ஒதுக்காவிட்டால், நாளடைவிலே வெறுப்பு ஒன்றே உன்னிடம் மிஞ்சும். வெறுப்பு வேகமாக எரியும், விரைவிலே சாம்பலாகும்.

நான்காவது, கைக்கெட்டும் வேலை. உலகத்தின் வெப்பம் உன் கையிலே இல்லை. உன் தெருவின் வடிகால் உன் கையிலே இருக்கிறது. கொரட்டூர் ஏரியிலே கழிவுநீர் கலப்பதைக் கண்ட அப்பகுதி மக்கள், இயக்கமாகத் திரண்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, ஆண்டுக்கணக்கிலே வாதாடினர். உலகத்தைத் தூக்கித் தலையிலே வைத்துக் கொள்ளவில்லை. ஓர் ஏரியைப் பிடித்துக் கொண்டார்கள். நீயும் ஒன்றைப் பிடி. கிளையிலே ஒரு குறிப்பேடு வை. அடைபட்ட மதகு திறந்ததா? எழுது. நட்ட நூறு கன்றிலே அறுபது தழைத்ததா? எழுது. தோல்வியைப் பிறர் உனக்கு நினைவூட்டுவர். வெற்றியை நீதான் எழுதி வைக்க வேண்டும். பயனில்லை என்னும் எண்ணத்துக்கு அந்தக் குறிப்பேடே மருந்து.

ஐந்தாவதும் அரியதும், 'முடியாது' என்னும் சொல். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் ஒன்றையும் முடிப்பதில்லை. 'இந்த வாரம் என்னால் இயலாது. அடுத்த வாரம் செய்கிறேன்' என்று சொல்லப் பழகு. சொன்னவனை முகம் சுளிக்காமல் ஏற்கப் பழகு. இரண்டாவது முதலாவதைவிடக் கடினம்!

இவை தனி மனிதனுக்கு. கிளைக்கு என்ன கடமை? எல்லாவற்றையும் தோழன் தலையிலே சுமத்திவிட்டு, 'உடம்பைப் பார்த்துக் கொள், தம்பி' என்று தட்டிக் கொடுத்தால் போதுமா? போதாது. ஆளை மாற்றாமல் அறிவுரை மட்டும் சொல்வது, வண்டியிலிருந்து மூட்டையை இறக்காமல் மாட்டைத் தடவிக் கொடுப்பதாகும்.

நாடகம் எழுதுகிறவன் என்ற முறையிலே ஒன்று சொல்கிறேன். நல்ல நாடகக் குழுவிலே, முதன்மைப் பாத்திரத்தை இருவர் பாடம் செய்து வைத்திருப்பார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மற்றவர் ஒப்பனை போடுவார், திரை விலகும், காட்சி நடக்கும். அதுபோல, கிளையிலே எந்த வேலையும் ஒருவனுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கக் கூடாது. வழக்குக் கட்டு எங்கே, எந்த அலுவலகத்திலே எந்த மனு நிலுவையில் இருக்கிறது, எந்தத் தெருவிலே எந்த முதியவர் வெள்ளத்திலே சிக்குவார் — இருவருக்கேனும் தெரிந்திருக்க வேண்டும். ஆறு திங்களுக்கு ஒரு முறை பொறுப்பை மாற்றுங்கள். 'அவன் இல்லாவிட்டால் கிளையே இல்லை' என்பது அவனுக்குப் புகழாரம் அன்று, கிளைக்கு இழுக்கு.

தங்கையர் நிலையை மறவாதே. தோழன் கூட்டம் முடிந்து வீடு வந்தால் சோறு காத்திருக்கிறது. தோழி கூட்டம் முடிந்து வீடு வந்தால் அடுப்பு காத்திருக்கிறது! ஏரிக்கரையிலே சமத்துவம் பேசிவிட்டு, சமையலறையிலே தட்டை நீட்டுகிறவன் எந்தக் கொள்கைக்குச் சொந்தக்காரன்? பாத்திரம் கழுவுவதும் பருவநிலைப் பணியே என்று கொள். அவளுடைய ஒரு மணி நேர ஓய்வு, இயக்கத்துக்கு ஓராண்டு உழைப்பாகத் திரும்பி வரும்.

கூட்டம் தொடங்கும்போது, தீர்மானத்துக்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'எப்படி இருக்கிறாய்?' வாயிலிருந்து வரும் விடையை மட்டுமன்று, முகத்திலிருந்து வரும் விடையையும் கேளுங்கள். பல வாரங்களாக உறக்கமற்றவன், எதிலும் நாட்டமற்றவன், வாழ்ந்து என்ன பயன் என்று பேசுபவன் கண்ணில் பட்டால், அவனைக் கேலி செய்யாதே; திருநீறும் தாயத்தும் தேடாதே. பகுத்தறிவாளன் செய்வதைச் செய்: மருத்துவரிடம் அழைத்துப் போ, உடன் போ. 14416 என்னும் எண்ணிலே டெலி மானஸ் என்னும் அரசு மனநலச் சேவை, கட்டணமின்றி, இரவும் பகலும், தமிழிலேயே கிடைக்கிறது. அந்த எண்ணைக் கிளை அலுவலகச் சுவரிலே, தலைவர்கள் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்திலே எழுதி வை. கால் முறிந்தவன் கட்டுப் போடுவது மானக்கேடு அன்று. மனம் நொந்தவன் மருத்துவம் நாடுவதும் அன்று.

மாசித் திங்களிலே வேம்பைப் பார்த்திருக்கிறாயா? இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாய் நிற்கும். பட்டுவிட்டது என்று அறியாதவன் சொல்வான். அது படவில்லை. பங்குனியிலே செந்தளிர் விடும், சித்திரையிலே பூக்கும், ஊர் தகிக்கும் கோடையிலே ஊருக்கே நிழல் தரும். உதிர்க்க வேண்டிய வேளையிலே உதிர்த்ததனால்தான் நிழல் தர வேண்டிய வேளையிலே அதனால் நிழல் தர முடிகிறது.

தோழா! அடுத்த புயலுக்கு நாள் குறிக்க எவராலும் இயலாது. ஆனால் அது வரும். அன்று இரவு, முழங்காலளவு நீரிலே இறங்க உன் கால் வேண்டும். கூரைமேல் தவிக்கும் கிழவியைத் தூக்க உன் தோள் வேண்டும். மறுநாள், 'கால்வாயை அடைத்தவன் எவன்?' என்று கேட்க உன் குரல் வேண்டும். அதற்கு அடுத்த புயலுக்கும் வேண்டும். ஆகவே இன்றிரவு, விளக்கை அணைத்து, நேரத்தோடு உறங்கு. காலையில், நெடுநாளாகக் கூட்டத்துக்கு வராத அந்தத் தோழனுடைய வீட்டுக்குப் போ. துண்டறிக்கை எடுத்துப் போகாதே. வேலைப் பட்டியல் எடுத்துப் போகாதே. 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டு, அவன் சொல்வதை இருந்து கேட்டுவிட்டு வா.